மலைக்கு எண்ணெய் ஏற்றுகிறவர்களுக்கு

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இருக்கும் எங்கள் வாடகைக் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, பம்பு ஸ்டவ்வுக்கு நாள் வாடகை எவ்வளவு என்று. நான் முதலில் கேட்பது, எண்ணெயை, அதாவது அடுப்பெரிக்கும் மண்ணெண்ணெயையோ பெட்ரோலையோ, எதில் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று. பதிலாகப் பெரும்பாலும் ஒரு குளிர்பான பாட்டிலை நீட்டுவார்கள். "அக்கா, இதிலேயே ஊற்றிக்கொள்கிறோம், ஒரு ராத்திரிக்குத்தானே" என்பார்கள். "அந்த ஒரு ராத்திரியில் யாராவது தாகத்துக்கு எடுத்துக் குடித்துவிட்டால் என்ன செய்வீர்கள் தம்பி?" என்பேன். சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

அப்பா காலத்தில் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள் வாடகைக்குப் போகும். ஜெனரேட்டர் வந்த பிறகு அந்த வேலை போய்விட்டது. இப்போது அதே விளக்குகள் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் தோட்டங்களில் கூடாரம் போடுகிறவர்களோடு போகின்றன. விளக்கு பழையது, கையாளுகிறவர்கள் புதியவர்கள். எரிகிற அடுப்பைக் கண்டால் அவர்களுக்கும் பயம் இருக்கிறது, அது நல்லதுதான். எரியாமல் மூலையில் நிற்கிற கேனைப் பார்த்து மட்டும் யாருக்கும் பயம் வருவதில்லை. அந்தக் கேனைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த எண்ணெய்

முடிந்தவரை மண்ணெண்ணெய். அதற்கு ஒரு காரணம் போதும். மண்ணெண்ணெயிலிருந்து தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி கிளம்ப அது 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். பெட்ரோலுக்கோ பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே அந்த ஆவி வந்துவிடும். கொடைக்கானலின் குளிரில் தரையில் சிந்திய மண்ணெண்ணெய் ஈரக்கறையாகக் கிடக்கும். அதே குளிரில் சிந்திய பெட்ரோல் நள்ளிரவிலும் ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழும்பிக் கலைந்து போகாமல் தரையோடு படிந்து சரிவில் கீழே இறங்கும். மலையில் சமதரை எங்கே இருக்கிறது? மேல் தட்டில் கேனைத் திறந்தால், கீழ்த் தட்டில் எரிகிற அடுப்பைத் தேடி ஆவி தானாகப் போய்ச் சேரும்.

பெட்ரோலில் எரிவதற்கென்றே செய்த ஸ்டவ்கள் இருக்கின்றன. மலையேறுகிறவர்கள் சிலர் வெளிநாட்டிலிருந்து வாங்கி வருகிறார்கள். அவற்றுக்குப் பெட்ரோல் ஊற்றலாம். நம் ஊர்ப் பித்தளை பம்பு ஸ்டவ்விலோ பெட்ரோமாக்ஸிலோ ஒரு கரண்டி பெட்ரோல்கூடச் சேரக்கூடாது. மண்ணெண்ணெயோடு கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் போதும், அந்த 35 டிகிரிக் கணக்கு குலைந்து, தொட்டிக்குள் இருப்பது பாதிப் பெட்ரோலைப் போலவே நடந்துகொள்ளும். அதனால்தான் முன்பு பெட்ரோல் இருந்த கேனில், எவ்வளவு கழுவியிருந்தாலும், நான் மண்ணெண்ணெய் ஊற்ற விடுவதில்லை. டீசலை ஊற்றலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. ஊற்றலாம், பிறகு நாசிலைச் சுத்தம் செய்யும் கூலியை நீங்கள்தான் தர வேண்டும்.

ரேஷன் கடையில் வரும் நீல மண்ணெண்ணெய் குடும்ப அட்டைக்காரர்களுக்கு உரியது. வெளிச்சந்தைக்குப் போகாமல் இருக்கத்தான் அதில் சாயம் கலக்கிறார்கள். சுற்றுலா வருகிறவர்கள் அதைத் தேடிப் போக வேண்டாம். உரிமம் பெற்ற வியாபாரியிடம் வெள்ளை மண்ணெண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள்.

பம்பு ஸ்டவ்வைப் பற்றவைக்கும் முன் பர்னரைச் சூடேற்ற, அதன் அடியில் இருக்கும் தட்டில் ஊற்றுவதற்குச் சிலர் ஸ்பிரிட் கேட்பார்கள். புகை இல்லாமல் எரியும், உண்மைதான். ஆனால் பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றுகிற கை வெந்துபோகும். மெத்தனால் கலந்ததாக இருந்தால் குடித்தவர் கண்ணும் போகும், உயிரும் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். நாலு பேர் மது பாட்டிலோடு வருகிற முகாமில், நிறமில்லாத ஸ்பிரிட்டை இன்னொரு பாட்டிலில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணித்துண்டைத் தட்டில் வைத்துப் பற்றவைத்தாலே பர்னர் சூடேறிவிடும். கொஞ்சம் கரி பிடிக்கும், அவ்வளவுதான்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு என் கணக்கு இது. பம்பு ஸ்டவ்வுக்கு மணிக்குக் கால் லிட்டர். பெரிய பெட்ரோமாக்ஸின் தொட்டி 1 லிட்டர் கொள்ளும், அது எட்டு மணி நேரம் வரும். அரிக்கேன் விளக்கு ராத்திரி முழுவதும் எரியக் கால் லிட்டர். பத்துப் பேர் இரண்டு ராத்திரி தங்குவதற்கு 3 லிட்டர் தாராளம். 10 லிட்டர் கேட்கிறவர்கள் பருப்பைப் பாத்திரத்தில் வேகவைக்கப் போகிறார்கள் என்று புரிந்துகொள்வேன். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்; துவரம்பருப்பு அந்தச் சூட்டுக்கு மசியாது. எண்ணெயைக் கூட்டுவதற்குப் பதில் ஒரு குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பைக் காலையிலேயே ஊறப் போடுங்கள். ஏற்ற வேண்டிய எண்ணெய் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தலைவலி குறையும்.

எதில் ஊற்றுவது

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் இதை நேராகவே சொல்கிறது. விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்குப் பெட்ரோல் வைத்திருக்க 30 லிட்டர் வரை உரிமம் வேண்டாம். ஆனால் அது கண்ணாடி, பீங்கான், உலோகம் இவற்றால் ஆன, இறுக மூடிய பாத்திரத்தில்தான் இருக்க வேண்டும். கண்ணாடியோ பீங்கானோ என்றால் 1 லிட்டருக்கு மேல் கூடாது; உலோகம் என்றால் 25 லிட்டர் வரை. பிளாஸ்டிக் அந்தப் பட்டியலிலேயே இல்லை. கண்ணாடி பாட்டிலுக்குச் சட்டம் இடம் கொடுக்கலாம், எங்கள் ஊர் ரோடு இடம் கொடுக்காது. ஆகவே பெட்ரோல் என்றால் உலோகக் கேன் மட்டும்.

மண்ணெண்ணெய்க்குத் தடித்த பிளாஸ்டிக் கேன் பரவாயில்லை. நான் அதிலும் தகரக் கேனையே தருகிறேன், காரணம் மூடி. பிளாஸ்டிக் கேனின் மூடி இரண்டு மூன்று முறை திறந்து மூடியதும் மரை தேய்ந்து, இறுகியதுபோலத் தோன்றும், ஆனால் இறுகியிருக்காது. எந்தக் கேனாக இருந்தாலும் வாங்குவதற்கு முன் மூடிக்குள் வாஷர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். வாஷர் விறைத்து வெடித்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பிறகு பாதி தண்ணீர் ஊற்றி மூடி, பழைய செய்தித்தாளின் மேல் தலைகீழாகக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். தாள் நனைந்தால் அந்தக் கேன் வேண்டாம். நனையவில்லை என்றால் தண்ணீரைக் கொட்டி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும்.

எங்கள் கடையில் மண்ணெண்ணெய்க் கேன்களுக்கு நீலம், பெட்ரோல் கேனுக்குச் சிவப்பு என்று பெயிண்ட் அடித்து, எழுத்தும் எழுதியிருக்கிறோம். எழுத்து மட்டும் போதாது. இருட்டில், மூடுபனியில், குளிரில் விறைத்த கையோடு யார் படிக்கப் போகிறார்கள்? பெட்ரோல் கேனின் கைப்பிடியில் சணல் கயிறும் சுற்றியிருக்கிறேன். தொட்டவுடனே தெரிய வேண்டும்.

குளிர்பான பாட்டிலுக்குத் திரும்பி வருகிறேன். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கொடைக்கானலில் தடை இருப்பது ஒரு பக்கம். அந்தத் தடை இல்லாவிட்டாலும் நான் அதில் ஊற்ற விடமாட்டேன். குடிக்கிற பாட்டிலில் இருப்பதைக் குழந்தை குடிக்கும். பெரியவர்களும் இருட்டில் குடிப்பார்கள். மண்ணெண்ணெய் வயிற்றில் செய்வதைவிட நுரையீரலில் செய்வதுதான் மோசம். ஒரு வாய் உள்ளே போய், இருமும்போது கொஞ்சம் மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியா போன்ற புண் உண்டாகிவிடும். அதனால் குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. உப்புத் தண்ணீர் கொடுப்பது, தொண்டையில் விரல் விடுவது எல்லாம் உயிருக்கே உலை வைக்கும். மேலே வருகிற எண்ணெய் மறுபடி நுரையீரலுக்குள்தான் போகும். எண்ணெய் பட்ட உடையைக் கழற்றிவிட்டு, 108ஐ அழைத்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்க்க நன்றாக இருக்கிறாரே என்று காத்திருக்க வேண்டாம். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும். மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும்.

ரோட்டில்

கொடை ரோடு வரை ரயிலில் வருகிறவர்கள் எண்ணெயோ காஸோ கொண்டுவரவே கூடாது. ரயில்வே சட்டத்தின் 164ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் 9 பேர் இறந்தது, உள்ளே மறைத்துக் கொண்டுவந்த சமையல் காஸ் சிலிண்டரால்தான். பஸ்ஸிலும் இதே பேச்சுதான். காலி ஸ்டவ்வைக் கொண்டுவாருங்கள். எண்ணெயை மேலே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்த வண்டியில் வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகம். வத்தலகுண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். இந்த இரண்டு மணி நேர ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கீழே இறுக மூடிய கேனுக்குள் இருக்கும் காற்று கீழ்நாட்டு அழுத்தத்தோடே மேலே வரும். கேன் வயிறு ஊதி நிற்கும். சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலைக்கு வருவதற்குள் உப்பிப்போவதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். அந்த நேரத்தில் மூடியை ஒரே திருகில் திறந்தால் எண்ணெய் முகத்தில் தெளிக்கும். வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கேனைத் தரையில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியைக் கால் திருகு மட்டும் தளர்த்துங்கள். புஸ்ஸென்ற சத்தம் அடங்கிய பிறகு முழுதாகத் திறக்கலாம். பக்கத்தில் பீடி பிடிக்கும் டிரைவர் அண்ணன் இருந்தால் முதலில் அவரைத் தள்ளிப் போகச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

கேனை வாய் வரை நிரப்பக் கூடாது என்பதும் இதனோடு சேர்ந்ததுதான். பத்து டிகிரி சூடு ஏறினால் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் நூற்றில் ஒரு பங்கு விரியும். மலையில் காலைக் குளிரில் நிரப்பி, மதியம் சமவெளி வெயிலில் இறங்கினால் வித்தியாசம் 20 டிகிரிக்கு மேல். 5 லிட்டர் கேனில் நாலரை லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் பங்க்கில் கேனை வண்டிக்குள் வைத்தபடி நிரப்பாதீர்கள். ஜீப்பின் ரப்பர் மிதியடியிலோ காரின் டிக்கியிலோ இருக்கும் உலோகக் கேனில் எண்ணெய் பாயும்போது நிலைமின்சாரம் சேரும். தரைக்கு இறங்க வழி இருக்காது. ஒரு பொறி போதும். கீழே இறக்கி, தரையில் வைத்து, குழாய் முனை கேனின் வாயைத் தொட்டிருக்கும்படி நிரப்பச் சொல்லுங்கள்.

எங்கே ஏற்றுவது? ஜீப் என்றால் பின்பக்கம், வெளிக்காற்று படும் இடத்தில், நிமிர்ந்த நிலையில், கயிற்றால் கட்டி. கார் என்றால் டிக்கியில், காய்கறிப் பெட்டி ஒன்றுக்குள் சாக்கு திணித்து, அதன் நடுவில். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். ஆள் உட்காரும் சீட்டுக்கு அடியில் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் சாதாரணமாகவே பாதிப் பேருக்கு வாந்தி வரும். மண்ணெண்ணெய் வாசனையும் சேர்ந்தால் மீதிப் பேருக்கும் வரும். அரிசி, காய்கறி, காப்பித்தூள் எல்லாம் எண்ணெய்க்கு மேல் தட்டில் இருக்கட்டும். எண்ணெய் வாடை பிடித்த காப்பித்தூளை எதுவும் செய்ய முடியாது.

கூடாரம் போட்ட இடத்தில்

காட்டுக்குள் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று போடி அருகே குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறியவர்கள் 23 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்றே அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. மாசியிலிருந்து சித்திரை வரை எங்கள் மலையில் புல்லும் தைலமரச் சருகும் காய்ந்து கிடக்கும். அந்த மாதங்களில், அனுமதி உள்ள தனியார் தோட்டமாகவே இருந்தாலும், அடுப்பைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி மண்தரை தெரிந்த பிறகே பற்றவையுங்கள்.

எண்ணெய்க் கேனுக்குக் கூடாரத்திலிருந்தும் அடுப்பிலிருந்தும் பத்துப் பதினைந்து அடியாவது தள்ளி இடம் பாருங்கள். அடுப்புக்கு மேல்சரிவில் வைக்காதீர்கள். பக்கவாட்டில், சற்றுத் தாழ்வாக, நிழலில். ராத்திரி காட்டுமாடு நடமாடும் இடமாக இருந்தால் வேலி மரத்தோடு கட்டிவிடுங்கள். கூடாரத்துக்குள் கேனும் வேண்டாம், எரிகிற விளக்கும் வேண்டாம். குளிருக்குப் பயந்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டு உள்ளே அரிக்கேனை எரியவிடுகிறவர்களை நான் பார்க்கிறேன். மூடிய இடத்தில் எரிகிற தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு விஷவாயு, அதற்கு வாசனை கிடையாது. கூடுதலாக ஒரு கம்பளி வாடகைக்குத் தருகிறோம்.

நான் பார்த்த தீக்காயங்களில் பெரும்பாலானவை எரிந்துகொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றியதால் வந்தவை. பாதிச் சமையலில் ஸ்டவ் மங்கும், யாரோ அவசரப்பட்டுக் கேனைத் தூக்குவார்கள். ஸ்டவ்வின் காற்றுத் திருகைத் திறந்து காற்றை விட்டு, தீயை முழுதாக அணைத்து, பர்னரைத் தொடும் அளவுக்கு ஆறவிட்ட பிறகுதான் தொட்டியின் மூடியைத் திறக்க வேண்டும். அதுவரை அரிசி காத்திருக்கட்டும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், மாலை ஐந்து மணிக்கு வெளிச்சம் இருக்கும்போதே எல்லாவற்றிலும் எண்ணெய் நிரப்பி வைத்துவிடுங்கள். தொட்டியில் முக்கால் பங்குதான். மீதி இடம் பம்பு அடிக்கும் காற்றுக்கு. ஊற்றுகிறவர் ஒருவராகவே இருக்கட்டும். ஸ்வெட்டரில் சிந்தினால் மாற்றிவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போக வேண்டும்.

புனலில் மெல்லிய பித்தளை வலை இருக்க வேண்டும். வலை துருவைப் பிடிக்கும், ஆனால் தண்ணீரைப் பிடிக்காது. பனிமலையில் பாதி காலியான கேனுக்குள் ராத்திரி ஈரம் வியர்த்து அடியில் தண்ணீராக நிற்கும். அது பர்னருக்குப் போனால் தீ எகிறும், பிறகு அணையும், மறுபடி எகிறும். கேனை ஆட்டாமல் மெதுவாகச் சாய்த்து ஊற்றி, அடியில் இருக்கும் கடைசி இரண்டு விரல் எண்ணெயை அப்படியே விட்டுவிடுங்கள்.

எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. எண்ணெய் தண்ணீரின் மேல் மிதந்து எரிந்தபடி ஓடும். ஒரு வாளி மணலும் நனைத்துப் பிழிந்த சாக்கும் ஸ்டவ்வோடு சேர்த்து நாங்கள் வாடகையில்லாமல் தருகிறோம். தீக்காயம் பட்டால் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மாவு, எதுவும் தடவ வேண்டாம்.

வீட்டில் வைப்பவர்கள்

மலையில் வீடு இருப்பவர்கள் கொஞ்சம் எண்ணெய் வைத்திருக்கத்தான் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயலில் மரங்கள் விழுந்து மின்சாரம் நாள்கணக்கில் வராதபோது, வாடகை விளக்கு கேட்டு எங்கள் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். விளக்கு இருந்தது, எண்ணெய்தான் இல்லை.

மண்ணெண்ணெய் இறுக மூடியிருந்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. விரிவதற்குக் கொஞ்சம் இடம் மட்டும் விட்டுக் கேனை நிறைத்து வையுங்கள். காலி இடம் குறைந்தால் ஈரமும் குறையும். சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் பலகை மேல், பூட்டுள்ள வெளிக்கொட்டகையில், காற்று போக வழியோடு. சமையலறையில் வேண்டாம், மாடிப்படிக்கு அடியிலும் வேண்டாம்; தீப்பிடித்தால் வெளியே ஓடும் வழியையே அது அடைத்துவிடும். பெட்ரோலைச் சேமித்து வைப்பது வீண். இப்போது பங்க்குகளில் வருவதில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். எங்கள் மலையில் ஈரத்துக்குக் குறைவில்லை. அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் படிந்துவிடும். பழைய ரப்பர் வாஷர்களையும் அது கெடுக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்று தோன்றினால் கெடுவதற்கு முன்பே பைக்கில் ஊற்றி ஓட்டிவிடுங்கள்.

திரும்பும்போது

மிச்ச எண்ணெயை ஓடையிலோ புல்லிலோ கொட்டாதீர்கள். எங்கள் குடிதண்ணீர் அந்த ஓடைகளில்தான் வருகிறது. அணையும் நெருப்பில் ஊற்றி வேடிக்கை பார்க்கவும் வேண்டாம், தீ ஊற்றுகிற கைக்கே ஏறி வரும். மூடிய கேனில் கடைக்குக் கொண்டுவாருங்கள், நான் வடிகட்டி வைத்துக்கொள்கிறேன். காலிப் பெட்ரோல் கேனை நிறைந்த கேனைவிடக் கவனமாகப் பாருங்கள். உள்ளே எண்ணெய் இல்லை, ஆவியும் காற்றும் கலந்து இருக்கிறது, பொறிக்குக் காத்திருக்கும் கலவை அதுதான். உங்கள் சொந்தக் கேனாக இருந்து, மலையில் இறுக மூடிக் கீழே கொண்டுபோனால், இறங்க இறங்க வெளியழுத்தம் கூடி மெல்லிய தகரம் உள்வாங்கும். வத்தலகுண்டில் ஒரு முறை கால் திருகு திறந்து மூடிவிடுங்கள்.

எங்கள் கேனாக இருந்தால் மூடியோடு திருப்பிக் கொடுங்கள். மூடி தொலைந்த கேனுக்கு முன்பணத்தில் பிடித்துக்கொள்வேன், பேரம் கிடையாது.